கட்டத்துக்குள் எழுதிய ‘மறுகா’

ஒரு சொல்லுக்காக நான் ஒருவரைக் கன்னத்தில் அறைந்திருக்கிறேன். அதே சொல்லுக்காக, இரண்டு நாள் கழித்து, இன்னொருவரிடம் அறை வாங்கியும் இருக்கிறேன். அறைந்ததைப் பற்றி அப்போது எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வாங்கியதைப் பற்றி இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

பெரிய சொல் ஒன்றும் இல்லை. மட்டக்களப்பில் பிறந்த எவரும் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வது. மறுகா. ‘மறுகா வாறன்’ என்றால் பிறகு வருகிறேன். ‘சாப்பிட்ட மறுகா’ என்றால் சாப்பிட்ட பின்பு. கதை சொல்கிறவர் இடையில் நிறுத்தினால், அப்புறம் என்ன நடந்தது என்பதற்கும் ‘மறுகா?’ என்றுதான் கேட்போம். யாழ்ப்பாணத்தார் இதற்குப் ‘பேந்து’ என்பார்கள். பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதினால் ஆசிரியர் சிவப்புக் கோடு போடுவார். அந்தச் சிவப்புக் கோட்டுக்கு நான் மரியாதை கொடுத்திருக்க வேண்டும்.

கொரோனா அடங்கிய பிறகு ஒரு நாள் தொலைபேசியில் ஒரு பெண் குரல் கேட்டது: கொள்ளைநோய்க் காலத்திலும் அதன் பின்னரும் மனநலம் பற்றிய ஆய்வுகள் எதற்கு முதலிடம் தர வேண்டும் என்று நினைக்கிறீர்கள், மேடம்? பாவம், அவள் தன் வேலையைச் செய்தாள். நான் கண்டபடி ஏசிவிட்டுப் போனை வைத்தேன். உண்மையில் நான் ஏசியது அவளை அல்ல. ஏனென்றால் அதே கேள்வியை, ஏறத்தாழ அதே சொற்களில், யுத்த காலத்தில் நானே கொட்டில் கொட்டிலாகப் போய்க் கேட்டிருக்கிறேன்.

வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கத்தைப் படுவான்கரை என்போம். அங்கிருந்த சனமெல்லாம் ஷெல்லுக்குப் பயந்து தோணியிலும் உழவு மிஷினிலும் கால்நடையாகவும் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்திருந்த காலம் அது. பள்ளிக்கூட மைதானங்கள் எல்லாம் தறப்பாள் விரிப்புக் கட்டிய கொட்டில்களாகிவிட்டன. நான் போய் வந்த முகாமுக்குப் பின்னால், அரை மைல் தூரத்தில், ஆட்லறிப் பீரங்கி வைத்திருந்தார்கள். அது முகாமின் தலைக்கு மேலால் படுவான்கரைக்கு அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் கொட்டிலுக்குள் தண்ணீர்க் குடம் துள்ளும். தங்கள் வீட்டின் மேலோ வயலின் மேலோதான் அது போய் விழுகிறது என்று தெரிந்துகொண்டே சனம் நிவாரண அரிசிக்கு வரிசையில் நிற்கும். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது.

அது போதாதென்று காய்ச்சல். பல நாடுகளைச் சுற்றிக்கொண்டு கடல் கடந்து வந்த நுளம்புக் காய்ச்சல், கொசு பரப்புவது. பெரியாஸ்பத்திரியில் சிக்குன்குனியா என்றார்கள். முகாமில் அது வாய்க்குள் அடங்காமல் சிக்கன் காய்ச்சல் ஆகி, கோழி தின்றால் வரும் என்றும் கதை கட்டிவிட்டார்கள். கோழியைக் கண்ணால் கண்டே மாதக்கணக்கான சனம் அது. மூன்று நாள் உடம்பு நெருப்பாகக் காயும். பிறகு காய்ச்சல் போய்விடும், மூட்டு வலி போகாது. முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு, விரல் எல்லாம் வீங்கி, நெல் மூட்டை சுமந்த ஆண்கள் மண்ணில் தவழ்ந்து மலசலகூடத்துக்குப் போனார்கள்.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. உயர்தரம் பாஸ் பண்ணியும் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல், டைப்பிங் படித்துவிட்டு, வீட்டில் அம்மாவோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தவள். எனக்கு வாய் நீளம், கை அதைவிட நீளம் என்று அம்மா சொல்வா. கை நீளம் என்றால் களவு என்று நினைத்துவிட வேண்டாம், அடிக்கிற கையைத்தான் சொன்னா. ஓர் ஆய்வுக் குழுவுக்குக் கேள்வி கேட்க ஆள் எடுக்கிறார்கள் என்றதும் போய்ச் சேர்ந்தேன்.

நகரின் நடுவே, புளியந்தீவில் ஒரு மாடி அறையில் இரண்டு நாள் பயிற்சி. சொல்லித் தந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். தடித்த கண்ணாடி, நல்ல மனிதர், சுத்தமான தமிழ். நாங்கள் அவரைச் சேர் என்போம். வினாக்கொத்து கொழும்பில் தயாராகி வந்திருந்தது. இந்த நோய்க் காலத்திலும் அது ஓய்ந்த பிறகும் சனத்தின் மனதைப் பற்றி எதை முதலில் ஆராய வேண்டும் என்று சனத்திடமே கேட்பதுதான் நோக்கம். கேட்கும்போது மிகவும் பாதிக்கப்பட்டவர்கள் அகப்பட்டால், அவர்களுடைய பெயர்களைப் பட்டியலில் போட வேண்டும். பெரியாஸ்பத்திரியிலிருந்து மனநல டொக்டர் வந்து பார்ப்பார், நோயாளி என்று பதிந்து கிளினிக் கொப்பி கொடுப்பார்.

“பதில் சொல்ல மறுத்தால் கட்டத்துக்குள்ள ‘மறு’ எண்டு எழுதுங்கோ,” என்றார் சேர். “மறுத்த ஆக்களிட்டைத் திருப்பிப் போய்க் கரைச்சல் குடுக்கக் கூடாது. பட்டியலிலயும் போடக் கூடாது. அதுதான் ஆய்வு ஒழுக்கம்.”

நாங்கள் எல்லாரும் கொப்பியில் குறித்துக்கொண்டோம். ஆய்வு ஒழுக்கம் என்பதன் கீழே நான் கோடுகூடப் போட்டேன்.

அந்தப் பெண்ணின் கொட்டில் வாவிப் பக்கத்து வேலியோடு கடைசியாக இருந்தது. முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். இடது புருவம் வீங்கிக் கருத்திருந்தது. பிள்ளைகள் இரண்டையும் வேறு முகாமிலிருந்த தன் தாயிடம் அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். புருஷன் உள்ளே பாயில் சுவரைப் பார்த்து, அதாவது தறப்பாளைப் பார்த்து, படுத்திருந்தான்.

நான் வாசலில் குந்தி முதல் கேள்வியை வாசித்தேன். கடந்த இரு வாரங்களில் எதிர்காலம் குறித்து நம்பிக்கையிழந்து காணப்பட்டீர்களா?

“காணப்பட்டனா? ஆரு கண்டது?” என்றாள்.

“மனம் விட்டுப் போச்சுதா எண்டு கேக்காங்க அக்கா.”

தலைக்கு மேலால் ஷெல் ஒன்று கூவிக்கொண்டு போனது. அது அக்கரையில் விழுந்து வெடிக்கும்வரை அவள் தண்ணீர்க் குடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள், “ஓம் எண்டு போட்டுக்கொள்ளு மனே,” என்றாள். எங்கள் பக்கம் இளையவர்களை அன்பாக அப்படித்தான் அழைப்போம்.

குடும்பத்தில் எவரேனும் உங்களைத் தாக்கியதுண்டா என்று வந்தபோது அவள் திரும்பிப் பாயைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, “அத மறுகா சொல்றன், இந்த மனிசனுக்குக் கேக்கும்,” என்றாள். குடும்பத்தில் எவரேனும் தடுத்து வைக்கப்பட்டதுண்டா, துன்புறுத்தப்பட்டதுண்டா என்று அடுத்தடுத்துக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் மறுகாதான். நானும் கட்டம் கட்டமாக ‘மறுகா’ என்று எழுதிக்கொண்டு போனேன். வாயில் வந்தது கையில் வந்தது. தப்பு என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

அப்போதுதான் அவன் எழும்பினான். எழும்பவில்லை, முழங்காலில் வந்தான். பின்னால் வந்து அவளுடைய கொண்டையைப் பிடித்து இழுத்து முகத்தைக் கொட்டில் கம்பில் மோதினான். ஒரு தடவை. இன்னொரு தடவை. அவனுடைய வாயிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கண் அவளைப் பார்க்கவும் இல்லை. அவள் கத்தவில்லை, கைகளால் முகத்தை மட்டும் மறைத்தாள். நான் கையிலிருந்த ஃபைலால் அவனுடைய தலையில் அடித்தேன். அது போதாமல் தண்ணீர்ச் செம்பை எடுத்து முதுகில் அடித்தேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் எலும்பு நொருங்கிவிடும் போலிருந்தது.

பிறகு திடீரென்று விட்டுவிட்டான். தன் கையையே பார்த்தான். அந்தக் கையைக் கம்பில் ஓங்கி ஓங்கிக் குத்தத் தொடங்கினான். அவள்தான், மூக்கால் இரத்தம் ஒழுக, போய்த் தடுத்தாள்.

“அவர் அடிக்கல்ல மனே,” என்றாள் என்னைப் பார்த்து. “காய்ச்சல்தான் அடிக்குது.”

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. “காய்ச்சலுக்கு உங்கட கொண்டை எங்க கிடக்கெண்டு எப்பிடித் தெரியும்?” என்று கத்தினேன். பக்கத்துக் கொட்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள், அவர்களுக்கு இது பழகிப் போயிருந்தது.

“அவ சொல்றது சரி தங்கச்சி,” என்றான் அவன். அப்போதுதான் குரலைக் கேட்டேன். படுவான்கரையில் வயல் செய்தவன், கட்டுமஸ்தான ஆள். குரல் மட்டும் மெலிந்து போயிருந்தது. “என்ன முந்தி ஒருக்காக் கொண்டு போய் வெச்சிருந்தாங்க. எட்டு நாள். மண் நிரப்பின பைப்பால முழங்கால்ல, கணுக்கால்ல, மணிக்கட்டில அடிச்சாங்க. அவங்க அடிச்ச இடமெல்லாம் இந்தக் காய்ச்சலுக்கு எப்பிடியோ தெரிஞ்சிருக்கு. அங்க வலி ஏறினா நான் இஞ்ச இல்ல. ஆரு பக்கத்தில வந்தாலும் அவங்கதான்.”

அவங்க என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. வினாக்கொத்திலும் அந்தக் கேள்வி இல்லை.

அவன் இரண்டு கைகளையும் சேர்த்து அவளிடம் நீட்டினான். அவள் மூக்கைத் துடைத்துவிட்டு, தறப்பாள் கட்டி மிஞ்சிய நைலோன் கயிற்றை எடுத்து, நெற்கதிர்க் கட்டைக் கட்டுகிற முடிச்சால் மணிக்கட்டுகளைக் கட்டினாள். கயிறு போய் உட்கார்ந்த இடத்தில் ஏற்கெனவே சிவந்த தழும்பு இருந்தது. நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவர்தான் கட்டச் சொன்னது,” என்றாள். “பகல் ரெண்டு மணி போல வலி ஏறும். அதுக்கு முதல் கட்டிப்போடுவன். இண்டைக்கு நீ வந்து கதைச்சதில பிந்திப் போச்சு.”

அன்றைக்கு அவள் வாங்கிய அடிக்குக் காரணம் நான்தான் என்று அவள் குற்றமாகச் சொல்லவில்லை. ஏன் பிந்தியது என்று நான் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். எனக்கு முகம் எரிந்தது.

டொக்டர் வருவார், பெயரைப் போடுகிறேன், கொப்பி தருவார்கள் என்று அவசர அவசரமாகச் சொன்னேன். மருந்து என்றதற்கு அவள் அசையவில்லை. கொப்பி என்றதும் நிமிர்ந்தாள்.

“ஆஸ்பத்திரி சீல் இருக்குமா?”

“இருக்கும்.”

“அது காணும். சுத்திவளைப்பு வந்தா இந்தத் தழும்பக் கண்டு என்னெண்டு கேப்பாங்க. கைக்க ஒரு கடுதாசி இல்லாட்டி இவரக் கொண்டு போயிருவாங்க. ரெண்டாந்தரம் கொண்டு போனா இவர் உசிரோட வரமாட்டார் மனே. அடிக்கிறதுக்கு முதலே செத்துப்போவார்.”

நேரம் இரண்டரை ஆகியிருந்தது. மூன்று மணிக்குச் சோதனைச் சாவடியை மூடினால் எனக்கு வீடு போக வழியில்லை. கடைசிக் கேள்வி மட்டும் மிச்சம். எதை முதலில் ஆராய வேண்டும்? நித்திரையின்மை, பிள்ளைகளின் பயம், குடிப்பழக்கம், இழவு என்று ஒரு வரிசையை வாசித்தேன்.

அவள் ஒழுங்காக யோசித்தாள். அந்த முகாமில் அந்தக் கேள்வியை உண்மையாக யோசித்த முதல் ஆள் அவள்தான்.

“இப்ப நடக்கிறது எனக்குத் தெரியும். காய்ச்சல், வலி, அடி. கட்டிப்போட்டுச் சமாளிக்கன். மறுகா? இந்தக் காய்ச்சல் எல்லாம் போன மறுகா, சண்டை முடிஞ்ச மறுகா, இந்தக் கை அடிக்காம நிக்குமா? பிள்ளைகளக் கூட்டி வரலாமா? அதத்தான் பார்க்கச் சொல்லு. மறுகாவப் பார்க்கச் சொல்லு.”

இவ்வளவையும் எழுத அங்கே நாலு வரி இடம் இருந்தது. பின்பக்கமும் வெறுமையாக இருந்தது. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். கட்டத்துக்குள் ‘மறுகா’ என்று எழுதி, ஃபைலை மூடிக்கொண்டு எழும்பினேன்.

“மறுகா வாறன் அக்கா,” என்றேன்.

“ஓம். கட்டாயம் வா.”

போகவில்லை. மறுநாளே எனக்குக் காய்ச்சல். பன்னிரண்டு நாள் கிடந்தேன். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க விரல் மடங்காமல் அழுதேன். பிறத்தியாரின் வலியைக் கேட்டு எழுதும்போது, மிதமானது என்பதற்கு நேரே எத்தனை புள்ளடிக் குறி போட்டிருப்பேன் என்று அப்போது நினைத்துப் பார்த்தேன். என் படிவங்களை அம்மா அலுவலகத்துக்குக் கொடுத்தனுப்பினா; அவற்றைப் பார்த்துப் பட்டியல் போட்டவர் சேர்.

எழும்பி நடக்கத் தொடங்கிய முதல் நாளே முகாமுக்குப் போனேன். அன்று பகல் இரண்டு மணிக்கு மனநல டொக்டர் வருகிறார், பட்டியலில் உள்ளவர்களைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று அலுவலகத்தில் ஒரு கடித உறையைத் தந்தார்கள். ஆஸ்பத்திரி முத்திரை குத்திய பட்டியல். பஸ் பிடிக்கிற அவசரத்தில் அதைத் திறந்து பார்க்கவில்லை.

பத்து மணி போல சுற்றிவளைத்தார்கள். எந்தச் சீருடை என்று எழுதப் போவதில்லை. அந்த வருடங்களில் எங்களுக்கு வாய்த்த சீருடைகள் பல. சப்பாத்தின் பாரம் ஒன்றுதான். பெண்களையும் என்னையும் பள்ளிக்கூடத்து விறாந்தையில் விட்டுவிட்டு, ஆண்களைச் சட்டையில்லாமல் மைதானத்தில் முழங்காலில் நிற்கச் சொன்னார்கள். முழங்காலில் நிற்க முடியாத ஆண்கள். ஒரு கிழவர் காலை மடக்க முடியாமல் அரைவாசியில் தொங்கிக்கொண்டு நின்றார். துவக்குப் பிடியால் முழங்காலில் ஒரு அடி போட்டார்கள். மடங்கியது. அவர் கத்திய கத்தல் வாவிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

முழங்கையையும் முழங்காலையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பயிற்சி எடுத்தவனுக்கு அங்கே தடம் இருக்குமாம். இங்கே எல்லாருக்கும் வீக்கம், எல்லாருக்கும் தோல் கருத்து உரிந்திருந்தது. அவர்களுக்குக் குழப்பம். குழம்பக் குழம்ப அடித்தார்கள். அவளுடைய புருஷனிடம் வந்தபோது கைகளைத் தூக்கிப் பார்த்தார்கள். இரண்டு மணிக்கட்டிலும் கயிற்றுத் தழும்பு, பழையதும் புதியதும்.

“உன்னை யார் கட்டி வைத்தது? எங்கே இருந்து தப்பி வந்தாய்?” என்று அவர்களுக்குள் பெரியவன் கேட்டான்.

அவனுடைய கண் அவர்களுக்கு மேலால் எங்கோ போயிருந்தது. அவன் அந்த மைதானத்திலேயே இல்லை, அந்தப் பார்வையை நான் ஏற்கெனவே கண்டிருக்கிறேன். விறாந்தையிலிருந்து அவள் பாய்ந்து ஓடினாள்.

“நான்தான் கட்டினன்! நான்தான் சேர், நான்தான்!”

சிரித்தார்கள். புருஷனைக் கட்டிப்போடுகிற பெண்டாட்டி! ஒருவன் அவளைக் காலால் தள்ளிவிட்டான். அவள் எழும்பிக் கொட்டிலுக்கு ஓடி, நைலோன் கயிற்றோடு திரும்பி வந்தாள். “பாருங்க, இப்பிடித்தான்,” என்று அவனுக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். கயிற்றைக் கண்டதும் அவன் வழக்கம் போல இரண்டு கையையும் சேர்த்து நீட்டினான். அவள் அதே முடிச்சைப் போட்டாள். கயிறு தழும்பின் மேல் சரியாக உட்கார்ந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. நம்பிவிட்டார்கள் என்று எனக்கு நெஞ்சுக்குள் ஒரு தைரியம் வந்தது.

அந்தத் தைரியத்தில் நானும் ஓடினேன். “இவர் நோயாளி. பெரியாஸ்பத்திரி டொக்டர் ரெண்டு மணிக்கு வாறார். இந்தா பட்டியல், இவருடைய பெயர் இருக்கு,” என்று உறையைக் கிழித்து நீட்டினேன்.

பெரியவன் முத்திரையை உற்றுப் பார்த்தான். தமிழ் எழுத்துத் தெரிந்த ஒருவனை வாசிக்கச் சொன்னான். முதலில் ஒரு பெயர் வாசித்தார்கள். அந்த ஆளை எழும்பிப் போய் மர நிழலில் இருக்கச் சொன்னார்கள். இன்னொரு பெயர், அவரையும் விட்டார்கள். அந்தக் கடுதாசிக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். வாசிக்கிறவனின் விரல் கீழே கீழே போனது. பெயர்கள் முடிந்தன. அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே மறுத்தோர், தொடர்புகொள்ள வேண்டாம் என்று எழுதி, சில கொட்டில் இலக்கங்கள். அவர்களுடைய கொட்டிலின் இலக்கம் அங்கே இருந்தது.

“மறுத்தோர் என்றால் என்ன?” என்று பெரியவன் என்னிடம் கேட்டான்.

நான் பட்டியலை எட்டிப் பார்த்தேன். வாசித்தவனே சொல்லிக் கொடுத்தான். டொக்டர் வேண்டாம் என்று சொன்ன ஆட்கள்.

“டொக்டர் ஏன் வேண்டாம்? டொக்டர் உடம்பைப் பார்த்தால் என்ன தெரிந்துவிடும்?” என்று கட்டுண்டு இருந்தவனைப் பார்த்துக் கேட்டான் பெரியவன். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

நான் கத்தினேன். பட்டியல் பிழை, நான்தான் எழுதினேன், பிழை, பிழை என்று கத்தினேன். துவக்குப் பிடி தோள் எலும்பில் விழுந்தது. மண் வாய்க்குள் போனது. மண்ணிலிருந்து நான் பார்த்தது இதைத்தான்: கட்டிய கயிற்றின் மற்ற நுனி இன்னும் அவளுடைய கையில் இருந்தது. ஒருவன் வந்து அதை அவளுடைய விரல்களிலிருந்து பிரித்தெடுத்துக்கொண்டு நடந்தான். அவளுடைய புருஷனும் பின்னால் நடந்தான். கயிறு தேடுகிற வேலைகூட அவர்களுக்கு மிச்சம்.

அவன் திரும்பி வரவே இல்லை. அவள் போகாத முகாமும் இல்லை, கேட்காத அலுவலகமும் இல்லை.

அன்று மாலையே நான் புளியந்தீவு மாடி அறைக்குப் போனேன். பஸ்ஸிலா போனேன், நடந்தா போனேன் என்று ஞாபகமில்லை. படிவத்தைக் காட்டச் சொன்னேன். சேர் தேடி எடுத்து மேசையில் வைத்தார். என் கையெழுத்து. ‘ஓம்’ எழுதிய முதல் கட்டம் தவிர எல்லாக் கட்டத்திலும் ‘மறு’ பெரிதாக இருந்தது, இடம் போதாமல் ‘கா’ ஓரத்துக் கோட்டோடு நசுங்கியிருந்தது.

“இதென்ன பிள்ளை, மறு எண்டுதானே கிடக்கு,” என்றார். “கா எண்டது காரணம் கூறவில்லை எண்டதின்ரை சுருக்கமாக்கும் எண்டு நினைச்சன்.”

“அது மறுகா, சேர். மறுகா!”

“மறுகா எண்டால்?”

“மறுகா எண்டா... மறுகாதான். உங்கட பேந்து!”

“அப்ப பேந்து எண்டு எழுதியிருக்கலாமே?”

அறைந்துவிட்டேன். கண்ணாடி பறந்து அலுமாரிக்குக் கீழே போனது. என் தகப்பன் வயது மனிதர். அவர் கோபிக்கவில்லை, குனிந்து தடவித் தடவிக் கண்ணாடியை எடுத்தார். போட்டுக்கொண்டு மற்றப் படிவக் கட்டுகளைப் பிரித்தார். என்னோடு வேலை செய்த மட்டக்களப்புப் பிள்ளைகள் எல்லாரும் எழுதியிருந்தார்கள். மறுகா, மறுகா, மறுகா. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலோர் பதில் சொல்ல மறுத்துவிட்டார்கள், மனநோயைப் பற்றி வெளியில் பேச இந்தச் சனத்துக்கு வெட்கம் என்று அவர் ஏற்கெனவே அறிக்கை எழுதிக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார். கட்டை மூடிவிட்டு முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு இருந்தார்.

படியிறங்கி வரும்போது எனக்கு வெற்றி பெற்றவள் போல இருந்தது. அநியாயத்தைக் கையோடு தட்டிக் கேட்டுவிட்டேன் அல்லவா! பாலத்தில் வரும்போதுதான் உறைத்தது. அவர் வாசித்தது நான் எழுதியதைத்தான். நாலு வரி இடம் இருந்தது. பின்பக்கமும் வெறுமையாக இருந்தது. அவள் அவ்வளவு யோசித்துச் சொன்னதை மூன்று மணிச் சாவடிக்காக மூன்று எழுத்தாக்கியவள் நான்.

இரண்டு நாள் கழித்து அவளிடம் போனேன். கொட்டில் வாசலில் இருந்தாள். அவளுக்கும் காய்ச்சல் பிடித்திருந்தது, கை மூட்டெல்லாம் வீக்கம். நான் ஃபைலை மடியில் வைத்து எதிரே மண்ணில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பயிற்சியில் சொல்லித் தந்த ‘மறு’, நான் எழுதிய ‘மறுகா’, சேர் வாசித்த விதம், மறுத்தவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற ஒழுக்கம், அதனால் பட்டியலில் விடுபட்ட பெயர். ஒன்றையும் மறைக்கவில்லை. எழும்பி வந்துவிடத்தான் மனம் சொன்னது, பிடித்து வைத்துக்கொண்டு சொன்னேன்.

“நான் மறுக்கல்லயே மனே,” என்றாள். “நீ கேட்டதெல்லாத்துக்கும் நான் ஓம் எண்டுதானே இருந்தன்.”

“ஓம் அக்கா.”

ஆட்லறி ஷெல் ஒன்று தலைக்கு மேலால் போனது. அக்கரையில் விழுந்து வெடித்தது. பிறகு அவள், இடையில் நின்றுபோன கதையைக் கேட்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்து,

“மறுகா?” என்றாள்.

“அவ்வளவுதான் அக்கா,” என்றேன்.

அறைந்தாள். வீங்கிய கையால், முழுப் பலத்தோடு. காது அடைத்துப் போனது. அடித்த வலி அவளுக்குத்தான் கூட. அந்தக் கையை மற்றக் கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். அது அடங்கிய பிறகு என் ஃபைலைக் கண்ணால் காட்டினாள்.

“இதையும் எழுது,” என்றாள். “ஆருக்கும் விளங்கிற மாதிரி, முழுசா எழுது.”